ஓலைச் சுருளும் பாம்படமும்

துளையை அகட்டி நீட்டிய வடித்த காது என்றதும் எல்லோர் கண்ணும் அதில் தொங்கும் பாம்படம் என்ற காதணிக்குத்தான் போகும். எனக்கென்னவோ பனையோலைச் சுருள்தான் பெரிய அதிசயம். ஓலையை நறுக்கி இறுக்கிச் சுருட்டித் துளையில் செருகினால், விரியப் பார்க்கும் ஓலையே மெல்ல மெல்லத் துளையை அகட்டிவிடும். காசு செலவில்லை, கனமில்லை. நைந்தால் வேறு சுருட்டிக்கொள்ளலாம். அடுத்து, காது நீள்வதற்காகத் தொங்கவிடும் ஈயக் குணுக்கை மட்டும் நான் மெச்ச மாட்டேன். மலிவுதான், ஆனால் ஈயம் உடம்புக்கு ஆகாது, இழுத்த இழுப்பில் காது அறுந்துபோவதும் உண்டு.

மதுரை, ராமநாதபுரம், நெல்லைப் பக்கத்துப் பாட்டிகளின் தோளில் உரசி ஆடும் பாம்படத்தில் ஆசாரியின் சிக்கனம் தெரியும். உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. உருண்டையும் சதுரமுமாகப் பார்வைக்குத் திண்ணென்று இருக்கும். முழுத் தங்கமென்றால் எந்தக் காது தாங்கும், எந்த வீடு தாங்கும்? தோலில் படுவது பொன் என்பதால் லேசில் அரிக்காது.

இன்று காதை அகட்டிக்கொள்ளும் இளசுகள் டைட்டானியம், கண்ணாடி என்று தேடுவதும் இதே கணக்கில்தான். மட்டரக உலோகத்தில் நிக்கல் இருந்தால் பலருக்கு அரிப்பெடுக்கும், சீழ்கூடப் பிடிக்கும். ஓலைச் சுருளை விற்கத்தான் ஆளில்லை.