பழி மட்டும் ஆஸ்பிரினுக்கு

கொல்லிமலை குண்டூர் நாட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், முதல் மருந்து இன்று மலையிலேயே கிடைக்கும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கவேண்டிய ஆளுக்கு அதுதான் உயிர்ப்பிடி. கீழே போனதும் அவசர பைபாஸ் என்றால்தான் வம்பு. அடைப்பைத் தடுத்த மருந்து, அறுத்த இடத்திலும் ரத்தத்தை உறையவிடாது.

ரத்தத்தை உறையவைப்பதில் பங்குள்ள தட்டணு, ஆஸ்பிரின் தொட்டால் சாகும்வரை தேறாது. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். ‘ஒரு வாரம் முன்பே நிறுத்து’ என்ற பழைய வழக்கம் இப்படித்தான் வந்தது. கணக்கு சரி, வழக்கம் சரியில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு வந்துவிடலாமே.

2016-இல் வெளியான அட்டாகாஸ் ஆய்வில் 2,100 பேர். அறுவைக்கு முன் 100 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தும் ரத்தப்போக்கு கூடவில்லை. மாரடைப்பும் மரணமும் குறையவுமில்லை. ஆஸ்பிரின் கட்சிக்காரர்கள் இதைச் சற்றே மெல்லிய குரலில் சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சேர்க்கப்பட்டவர்கள் ஆஸ்பிரின் எடுக்காதவர்கள், அல்லது நான்கு நாள் முன்பே நிறுத்தியவர்கள். குளோபிடோக்ரெலும் சேர்த்து விழுங்கிவிட்டு மலையிறங்கும் நம் ஆளுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

அதே ஆய்வின் மறுபாதி, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் பற்றியது, 2017-இல் வந்தது. ரத்தப்போக்குக்காக மார்பை மீண்டும் திறப்பது 2.8 சதவீதத்திலிருந்து 1.4 ஆனது. வலிப்பு 0.1-லிருந்து 0.7 ஆகக் கூடியது. அளவு பார்த்துத் தரவேண்டிய மருந்து. ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

அறுவைக்குப்பின் மார்பில் வைத்த வடிகுழாயில் ரத்தம் கூடியதும் ‘ஆஸ்பிரின் சாப்பிட்டவர்தானே’ என்று தட்டணுப் பையைத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடல் குளிர்ந்திருக்கலாம், அறுவையின்போது ரத்தம் உறையாமலிருக்கத் தந்த ஹெப்பாரின் மிச்சமிருக்கலாம், ஒரு தையல் நழுவியிருக்கலாம். ஓடிய குழாய் திடீரென நின்றால் நிம்மதி கூடாது. இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கக்கூடும். ரத்தம் அடங்கியிருந்தால், அறுவை முடிந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்கவும் வேண்டும். ஒட்டிய ரத்தக்குழாய் திறந்திருக்க அது தேவை.

மலையில் எழுதும் பரிந்துரைச் சீட்டில் மாத்திரை கொடுத்த மணியைக் குறித்து அனுப்புங்கள். குளோபிடோக்ரெலுக்கு ஐந்து நாள் இடைவெளி வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரமாவது. அதை எண்ணத் தொடங்கவேண்டிய மணி அதுதான்.