இரைச்சலின் முகவரி

அம்பத்தூரில் ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, நண்பர் ஒருவரின் மாடியறை. மாலை ஆறரை மணி. 40 மீட்டர் அலைவரிசையில் நாகர்கோவில்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று 'டர்ர்ர்' என்று ஒரு கொரகொரப்பு எழுந்து அவர் குரலை விழுங்குகிறது. நண்பர் கண்ணை மூடிக் கேட்டார். "இது சார்ஜர் இல்ல சார். எங்கயோ பொறி பறக்குது."

சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் போடும் சத்தம், டயலைத் திருப்பத் திருப்ப இடைவெளி விட்டு மேடு மேடாகத் தட்டுப்படும். பொறியோ அலைவரிசை முழுக்கப் பரவிக் கிடக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று; சுற்றுக்கு இரண்டு உச்சம்; உச்சத்தை ஒட்டித்தான் பொறி தாண்டும். அந்த 100 துடிப்பின் சுருதி பழகிய காதுக்குத் தப்பாது.

ரேடியோவை பேட்டரிக்கு மாற்றி மெயினை அணைத்தார். சத்தம் குறையவில்லை. ஆக, ஆள் வெளியே இருக்கிறான்.

அடுத்தது நான் சொக்கிப்போய்ப் பார்த்த கட்டம். ஒரு பழைய டிரான்சிஸ்டர், மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில். தெருவில் நின்று அதை மெல்லத் திருப்புகிறார். உள்ளே ஒரு ஃபெரைட் தண்டு. அதன் முனை சத்தம் வரும் பக்கம் நேராகத் திரும்பியதும் சத்தம் சட்டென்று அடங்குகிறது. உரக்கக் கேட்கும் திசை அகலமானது, நம்ப முடியாது. அடங்கும் திசைதான் ஊசிமுனை. காது கேட்பதை விட்டுவிட்டுக் கேளாததைத் தேடுகிற இந்த வித்தைக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் மத்திய அலைச் சத்தம் கம்பி வழியாகவே தெருத்தெருவாக ஓடி ஆளை ஏமாற்றும். நெருங்க நெருங்க மேல் அதிர்வெண்ணுக்கு, விமானங்கள் பேசும் அலைவரிசைக்கு மாறுகிறார். அங்கே சத்தம் வெகுதூரம் போகாது.

மூன்றாவது தெருவில் ஒரு மின்கம்பம். காற்றடித்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. முந்தின வாரம் மழையில் அது வாயடைத்துப் போனதும் அவருக்கு நினைவிருந்தது. தளர்ந்த இரும்பு இணைப்புக்கு இவையே அடையாளம். கம்பத்தை அவர் தொடவில்லை. தட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் லைன்மேனிடம் கொடுத்தார்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளரும் இதே வேலையைத்தான் செய்தார். கடல் கடந்த ரேடியோ தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எது என்று பார்க்கச் சொன்னார்கள். பெரிய ஆன்டெனாவைச் சக்கரங்களில் ஏற்றிச் சுழற்றினார். இடிமின்னலைக் கழித்த பிறகும் மெல்லிய சீறல் ஒன்று மிச்சமிருந்தது. 23 மணி 56 நிமிடத்துக்கு, அதாவது விண்மீன்களின் ஒரு சுற்றுக்கு, ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பியது. அது பால்வீதியின் குரல். ரேடியோ வானியல் அங்கே பிறந்தது.

இரைச்சலைத் தேடுவது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் ஹாம் ரேடியோவில் அனுப்பிய செய்திகள்தான் பல குடும்பங்களுக்குத் தகவல் தந்தன. அப்படி ஒரு குரல் கேட்க, கேட்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எரிகிற எல்.இ.டி. விளக்கருகே கொண்டுபோய் மெல்லத் திருப்பிப் பாருங்கள்.