24 டிகிரி போதுமா?

அக்கினி நட்சத்திர வெயிலில் வியர்த்து வழிய, குளிர்சாதன வசதி கொண்ட பெரிய அலுவலகம் ஒன்றினுள் நுழைகிறீர்கள். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம்தான். அரை மணி கழிந்தால், மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிடத் தோன்றும். அங்கேயே நாள் முழுவதும் வேலை செய்பவர்களின் நாற்காலிகளைப் பாருங்கள். ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ தொங்கிக் கொண்டிருக்கும். மின்சாரத்தைச் செலவிட்டு நடுக்கத்தை விலைக்கு வாங்குகிறோம்!

இதற்கு மருந்தாக நம் நாட்டில் ஓர் எண்ணைக் கையாளுகிறார்கள். நட்சத்திர முத்திரை பெறும் அறைக் குளிர்சாதனங்கள் யாவும் 24 டிகிரி செல்சியஸில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர், இனி 20 முதல் 28 டிகிரி வரை என எல்லை வகுக்கப்படும் என்று அறிவித்தார். நோக்கத்தில் குறை இல்லை. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தாலே மின்செலவு 6 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. ஆனால், பல மாடிக் கட்டடத்தின் மையக் குளிர்சாதன அமைப்புக்கும் இந்த எண்ணே போதும் என்று நினைக்கிறார்களே, அதை ஏற்பதற்கில்லை.

குளிர்சாதனம் எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்று நினைவுகூருங்கள். 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றுக்காக அதை வடிவமைத்தார். மனிதருக்காக அன்று, காகிதத்துக்காக! காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஈரக் கட்டுப்பாடு. நாமோ இன்று சுவரிலுள்ள வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

இதனால் நேர்வது என்ன? காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் நீராகப் படிந்து வடிய வேண்டும். அதற்குச் சுருள் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். மழைக்கால மாலையில், ஆட்கள் பாதிப்பேர் வீடு திரும்பிவிட்ட கூடத்தை எண்ணிப் பாருங்கள். வெப்பம் குறைவு, ஆகவே 24 டிகிரி விரைவில் எட்டிவிடுகிறது. தெர்மோஸ்டாட் குளிர்நீரை அடைக்கிறது, சுருள் சூடேறுகிறது, ஈரம் அறையிலேயே தங்கிவிடுகிறது. "புழுக்கமாக இருக்கிறதே" என்று ஒருவர் முறையிடுகிறார். இயக்குபவர் எண்ணை 20-க்கு இறக்குகிறார். ஈரம் போகிறது, கூடவே எல்லாருக்கும் நடுக்கமும் வருகிறது. இன்னும் சில இடங்களில், அதிகமாகக் குளிர்ந்த காற்றை மின்சாரத்தாலேயே மறுபடி சூடாக்கி அனுப்புகிறார்கள்! அறுவைக் கூடத்தில் அதற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் என்ன காரணம்?

வெளியிலிருந்து வரும் புதுக் காற்றுதான் நம் கடற்கரை ஊர்களில் ஈரத்தைப் பெருமளவு சுமந்து வருகிறது. அதைத் தனிக் கருவியில் முதலில் உலர்த்திவிட்டால், கூடத்தின் சுருளுக்கு அத்தனை குளிர்ந்த நீர் தேவைப்படாது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கரியமில வாயுவின் அளவே காட்டிக் கொடுத்துவிடும். அதற்கேற்பப் புதுக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

விசிறியின் கணக்கு இன்னும் சுவையானது. அது தள்ளும் காற்று வேகத்துக்கு நேர் விகிதத்திலும், விழுங்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் அமைகின்றன. வேகத்தை 80 விழுக்காடாக்குங்கள்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைய, மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது! நடைமுறையில் லாபம் சற்றுக் குறையும்; இருப்பினும் சிறிதன்று. இவ்வளவு தெரிந்தும் பழைய கட்டடங்கள் பலவற்றில் விசிறி காலை முதல் இரவு வரை ஒரே வேகத்தில் சுழல்கிறது.

உங்கள் கல்லூரியிலோ வங்கியிலோ இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டையும் விசிறிக் காற்றில் வையுங்கள். உலர்ந்தது 24, ஈரமானது 17 காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடு, நன்று. ஈரமானது 21 காட்டினால் அது 75-ஐத் தாண்டிவிட்டது. சுவரிலுள்ள கருவி இரண்டு வேளையும் 24 என்றே சொல்லிக் கொண்டிருக்கும்.