பழைய பிரேமில் ஏழு கியர்

தஞ்சாவூர்ப் பக்கம் சமதரை; சைக்கிளுக்கு கியர் எதற்கு என்பார்கள். ஆடிக் காற்றில் திருவையாற்றிலிருந்து மேற்கே திருக்காட்டுப்பள்ளிக்கு மிதித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் செய்த பழைய ஹெர்குலிஸில் கியர் ஏற்றுவது ரசிக்கத்தக்க வேலை. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி அதில் சுமார் 110 மி.மீ.; ஏழு கியர் ஃப்ரீவீலுக்கு 126 வேண்டும். அலுமினிய பிரேம் என்றால் கதை முடிந்தது. இரும்பு வளைந்து கொடுக்கும். பக்கத்துக்கு எட்டு மி.மீ., கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி விரிக்க வேண்டும். அடுத்ததுதான் அழகு: பின்முனை ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் குழாயைச் சுற்றி மறுமுனைக்கு இழுத்துக் கட்டுவார் மெக்கானிக். நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளப்பார். ஒரு மயிரிழை கூடினாலும் மறுபடி நெம்பல்.

கிராங்கைக் கழற்ற காட்டர்பின்னை அடிக்கும்போது அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுப்பார். முட்டில்லாத அடி, பால்ரஸ் ஓடும் கப்பில் குழி விழவைக்கும். நாட்டிங்காம் ராலே என்றால் கூடுதல் வம்பு: அந்தக் கப்பில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் 24. கடைக் கப்பு ஏறாது.

பழைய தடித்த செயினும் போகட்டும். ஏழு பல்சக்கரங்களுக்கு இடையே அது நுழையாது. கேரியரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கியர் வந்தபின் புல்லுக்கட்டு இன்னும் பெரிதாகக் கட்டலாம்.