இல்லத்திரையில் மூன்று படங்கள்

தவக்காலம் வந்ததும் நம் இல்லங்களில் தேடப்பெறும் படங்கள் பெரும்பாலும் ஒரே வகையினவாகவே உள்ளன. புதுமைகள் நிகழ வேண்டும். பாடற்குழு முழங்க வேண்டும். இறுதியில் நம்பியவன் வெல்ல வேண்டும். திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கானின் சமூகத் தொடர்புத் திருப்பேரவை 1995-இல் 45 படங்களைப் பட்டியலிட்டது. அதில் சமயப் படங்களுக்குக் கிடைத்தவை 15 இடங்களே என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. எஞ்சியவை நன்னெறிக்கும் கலைக்கும் உரியவை.

அந்நன்னெறிப் பிரிவில் இடம்பெற்ற ஒரு படத்தையே நாம் முதலில் பரிந்துரைக்கிறோம். இத்தாலிய இயக்குநர் எர்மானோ ஓல்மியின் 'தி ட்ரீ ஆஃப் உடன் கிளாக்ஸ்', அதாவது 'மரச்செருப்புகளின் மரம்', 1978-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. புதுப்பிக்கப்பட்ட படி 2017-இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வட்டாக வெளிவந்தது. மூன்று மணிநேரப் படம். நடித்தோர் தொழில்முறை நடிகர் அல்லர். பெர்கமோ வட்டாரத்து உழவர்களே தம் வட்டாரமொழியில் பேசி நடித்துள்ளனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நான்கு குத்தகைக் குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்கின்றன. நிலமும் வீடும் மரமும் பண்ணையாருக்கே சொந்தம். விளைச்சலில் மூன்றில் இரு பங்கும் அவருக்கே. அங்கே சலவை செய்து பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண் ஒருத்தியின் பசு நோயில் விழுகிறது. பிழைக்காது என்கிறார் கால்நடை மருத்துவர். அவள் சிற்றாலயத்தில் மன்றாடி, ஓடை நீரை முகந்து வந்து புகட்டுகிறாள். பசு எழுந்து நிற்கிறது. ஓல்மி இதனைப் புதுமை என்று அறிவிப்பதுமில்லை, தற்செயல் என்று ஒதுக்குவதுமில்லை.

நம் வாசகர்கள் இக்காட்சியை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள் என்பதில் ஐயமில்லை. நமது அச்சமெல்லாம், பசுவை நினைவில் வைத்து வண்டியை மறந்துவிடுவார்களோ என்பதே.

அதே முற்றத்தில் வாழும் பதிஸ்தி என்பவர், பங்குத்தந்தையின் அறிவுரைப்படி தம் மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறார். நெடுந்தொலைவு நடக்கும் சிறுவனின் மரச்செருப்பு ஒருநாள் உடைகிறது. தந்தை இருளில் சென்று பண்ணையாரின் மரமொன்றை வெட்டி, இரவோடிரவாகப் புதுச் செருப்பைச் செதுக்குகிறார். செய்தி வெளிப்படுகிறது, குடும்பம் வெளியேற்றப்படுகிறது. தட்டுமுட்டுச் சாமான்களை அவர்கள் வண்டியில் ஏற்றும்போது அண்டை வீட்டார் உள்ளேயே இருக்கிறார்கள். ஒன்றாய் உழைத்து, ஒன்றாய்ச் செபமாலை சொன்ன அதே மக்கள்! வண்டி சென்ற பின்னரே முற்றத்திற்கு வந்து, தொலைவில் மங்கும் விளக்கைப் பார்த்து நிற்கிறார்கள்.

பசுவை எழுப்பிய இறைவன் வண்டியை ஏன் தடுக்கவில்லை? இக்கேள்வியை ஓல்மி ஒரு சொல்லாலும் எழுப்பவில்லை. இரண்டையும் ஒரே முற்றத்தில் நிகழ்த்திக் காட்டுகிறார், அவ்வளவே. உழவரின் பக்தியை அழகுபடுத்தி, அவர்தம் அடிமைநிலையைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் படம் என்று இதனைச் சாடியோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எவரும் கதவைத் திறக்காத அந்த இறுதிக் காட்சியைப் போலப் பக்தர்களை உறுத்தக்கூடிய கண்டனம் வேறு எதுவாக இருக்க முடியும்?

கதவடைத்த அயலார் டெரன்ஸ் மாலிக்கின் 'எ ஹிடன் லைஃப்' (2019) படத்திலும் உண்டு. இட்லருக்குப் பணிந்து உறுதிமொழி கூற மறுத்து, 1943 ஆகஸ்டு 9 அன்று தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய உழவரும் கோவில் பணியாளருமான ஃபிரான்ஸ் யேகர்ஸ்டாட்டரின் வரலாறு இது. ஆயரும் அவரிடம் குடும்பக் கடமையையே நினைவூட்டினார். அதே மறைமாவட்டத்தின் லின்ஸ் நகரில்தான் 2007-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. படத்தில் குறையும் உண்டு. மலையழகில் காமிரா அளவுக்கு மீறித் திளைக்கிறது. நல்லோர் ஆங்கிலத்தில் உருகுவதும் கொடியோர் ஜெர்மானிய மொழியில் கூச்சலிடுவதும் உறுத்துகின்றன. ஊராரின் வெறுப்பைத் தாங்கித் தனியே நிலத்தை உழும் மனைவி ஃபானியின் காட்சிகளுக்காகவே இதனைப் பார்க்கலாம்.

மூன்றாவது, சேவியர் போவுவாவின் 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' (2010). அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் துறவியர் எழுவர் 1996-இல் கடத்தப்பட்டு உயிரிழந்தனர். 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். தாம் கிளையில் அமர்ந்த பறவைகள், பறந்துவிடக்கூடியவர்கள் என்கிறார் ஒரு துறவி. பறவைகள் நாங்கள், கிளை நீங்கள் என்று திருத்துகிறாள் ஓர் இசுலாமியப் பெண். போகலாமா, இருக்கலாமா என்ற விவாதத்தில் அச்சத்தை மறைக்காமல் பேசும் துறவியரைத் திரையில் காண்பது அரிது. இறுதி விருந்தில் ஒலிக்கும் 'அன்ன ஏரி' இசை சற்று மிகையே. ஆயினும் அம்முதிய முகங்கள் அதனை மன்னிக்கச் செய்கின்றன. கொலையைக் காட்டவில்லை. பனியில் நடந்து மறைகிறார்கள்.

மூன்றும் நீளமானவை. ஓல்மியின் படத்தை இரண்டு மாலைகளில் பார்ப்பதில் தவறில்லை. ஆங்கில எழுத்துகளைப் படிக்க இயலாத பெரியவர்களுக்கு அருகிலிருப்பவர் அவ்வப்போது தமிழில் சொல்லிவரலாம். அப்படத்தில் பேச்சு குறைவாகையால் அது கடினமும் அன்று.