தோடர் பாடல்கள்: பதிவும் பாடும் திறனும்

நீலகிரியில் 1935 முதல் 1938 வரை களப்பணி செய்த எம்.பி. எமனோ 1971இல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுப்பு, திராவிட வாய்மொழி இலக்கிய ஆய்வில் ஒரு பெருமுயற்சி. அழியும் மொழியொன்றைக் காத்த நூல் என அதனைப் போற்றுவது இயல்பே. எனினும் அது காத்தது பாடல்களையா, பாடும் திறனையா என்னும் வினா எஞ்சுகிறது.

தோடர் பாடல், மனப்பாடமாக வழிவழி வரும் பனுவல் அன்று. இழவாயினும் விழாவாயினும் பாடுவோர் அந்நிகழ்வுக்கெனப் புதிதாகக் கட்டுகின்றனர். மரபில் நிலைத்த தொடர்கள் இணை இணையாக வரும். ஒன்றைக் கூறினால் அதன் இணையையும் கூறியாக வேண்டும். ஆள், எருமை, இடம் ஆகியவற்றையும் இவ்விணைகளே குறிப்பாகச் சுட்டும். ஆகவே பாடலைப் புரிந்துகொள்ள அகராதி போதாது. எச்சரிவில் எந்த மந்து உள்ளது, எவ்வோடையருகே எவர் எருமைகள் மேய்ந்தன என அறிந்த செவி வேண்டும். அச்செவியை வளர்த்த புல்வெளிகளில் பெரும்பகுதி இன்று தேயிலையாகவும் யூகலிப்டசாகவும் சீகையாகவும் மாறிவிட்டது. மொழியிழப்பைப் பள்ளி, பாடநூல் என்ற எல்லைக்குள் மட்டும் பேசும் மீட்புத் திட்டங்கள் காணத் தவறுவது இதனைத்தான்.

தமிழாய்வுலகமும் இம்மொழியைப் பெரிதும் தொல்திராவிட ஒலி மீட்டுருவாக்கத்திற்கான சான்றாகவே அணுகியுள்ளது. தோடரின் வாய்மொழிப் புலமையைக் குறித்து எமனோ 1958இலேயே எழுதினார். பத்தாண்டுக்குப் பின் க. கைலாசபதி சங்கப் பாடல்களை வாய்மொழி வாய்பாட்டு மரபாக விளக்கியபோது ஒப்பீடு கிரேக்கம் வரை சென்றது. உதகையைச் சுற்றி உயிருடன் பாடப்பட்டுவந்த வாய்பாட்டு மரபுக்கு அதனையொட்டி எழுந்த விவாதத்தில் உரிய இடம் அமையவில்லை. அண்மையில் இருப்பது கண்ணில் படாத இந்நிலை சங்க ஆய்வுக்கும் இழப்பே.

எமனோவின் தொகுப்பு ஒலிக்குறியீட்டிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. தமிழ்வழிக் கல்வி பெற்ற தோடர் இளைஞருக்குத் தம் முன்னோர் பாடல் எட்டாமல் நிற்கிறது. தமிழ் எழுத்தை அப்படியே பயன்படுத்தினால் தோடா மொழியின் உரசொலிகளும் குரலிலா லகர ஒலிகளும் மறைந்துவிடும். கூடுதல் குறிகள் இன்றியமையாதவை. அவ்வெழுத்தில் முதலில் அச்சேற வேண்டுவது முழுப் பாடல்கள் அல்ல. இணைத்தொடர்களின் நிரலும் அவை சுட்டும் இடங்களின் வரைபடமுமே. முழுப் பாடல் படிக்க மட்டுமே உதவும். இணைத்தொடர் கைவந்தவர் நாளை நிகழும் இழவுக்கும் தாமே பாட இயலும்.