கண்டிக்கு நேர் தெற்கே ஒரு மிதவை

உலகப்படத்தில் கண்டியின் மேல் விரலை வைத்து நேர் தெற்கே இழுத்துப் பாருங்கள். மாத்தறையைத் தாண்டி, ஏறத்தாழ 800 கிலோமீற்றரில் பூமத்திய ரேகை வரும். அங்கே, கிழக்கு நெட்டாங்கு 80.5 பாகையில், நாலு கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் நங்கூரமிட்ட ஒரு மிதவைக்கு இடம் குறித்திருக்கிறார்கள். பருவமழையைப் புரிந்துகொள்ள 2004 முதல் இந்து சமுத்திரத்தில் இயங்கிவரும் 'ராமா' வரிசையில் அதுவும் ஒன்று. எங்கள் ஊரின் நெட்டாங்கிலேயே ஒரு மிதவை! அதை அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வரிசையின் பழைய மிதவைகளில் காற்றை அளந்தது சுழலும் விசிறி. புதியவற்றில் சுழல எதுவும் இல்லை, ஒலிதான் அளக்கிறது. உப்பு ஏறித் தேய்வதற்கு அச்சாணியே கிடையாது.

நானும் அப்படியொரு காற்றுமானி செய்தேன். நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை எழுப்பும் நான்கு வில்லைகளை, எதிரெதிர் இணைகளாக 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் பொருத்தினேன். காற்றோடு போகும் ஒலி முந்தும், எதிர்த்து வருவது பிந்தும். விநாடிக்கு 5 மீற்றர் காற்றில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 17 மைக்ரோ விநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டு அதில் பதினேழு! இதைவிட அழகு கணக்கில் இருக்கிறது. வெயிலில் ஒலி விரையும், குளிரில் தளரும். ஆனால் இரு திசை நேரங்களையும் தலைகீழாக்கிக் கழித்தால் ஒலியின் வேகமே கணக்கிலிருந்து கழன்றுவிடும். மிஞ்சுவது காற்று மட்டும். கொப்பியில் அந்த வரியை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் மெய்சிலிர்த்தது.

ஹந்தானையில் எங்கள் வீட்டுக் கூரையில் அது ஒழுங்காக ஓடியது. ஓர் ஆடிமாதக் காலையில் பிளாஸ்ரிக் பீப்பாவில் கட்டி, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரம் மிதக்கவிட்டேன். பீப்பா சுழலச் சுழலக் காற்றின் திசை நாலாபுறமும் ஓடியது! கடல் மிதவைக்குள் திசைகாட்டி ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரம் நானும் ஒன்று பொருத்தினேன். பீப்பா ஆடியது, சுழன்றது. கைபேசியில் காற்றின் திசை காட்டும் அம்புக்குறி மட்டும் அசையாமல் நின்றது: தென்மேற்கு. யாழ்ப்பாணத்தார் சொல்லும் சோளகம்!